தேநீர் ஆயுளை வளர்க்குமா?

மாலை நான்கு மணியானால் எங்கள் கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் கூட்டம் நெரியும். ஆசிரியர், மாணவர், பேருந்து ஓட்டுநர், சுமை தூக்குவோர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. சென்ற பருவத்தில் ஒரு நாள், வெப்ப இயல் வகுப்பு முடிந்து என்னோடு அங்கே வந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், தினமும் டீ குடிச்சா ஆயுசு கூடும்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. எங்க அம்மாவுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லிட்டார். எதை நம்புறது, சார்?"

கேள்வி எளியதுதான். ஆனால் விடை சொல்ல எனக்குச் சில வாரங்கள் ஆயின. மருத்துவம் என் தொழிலன்று. எனினும், ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று எப்படிச் சோதிப்பது என்பது எல்லா அறிவியல் துறைகளுக்கும் பொதுவான கேள்வி. தேநீரைப் பற்றி அந்தக் கேள்வி எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம், வாருங்கள்.

மருந்தாகப் பிறந்த பானம்

தேயிலையின் தாயகம் சீனா. கி.மு. 2737-இல் சென்னுங் என்ற பேரரசர் வெந்நீர் காய்ச்சிக் கொண்டிருந்தபோது காற்றில் பறந்து வந்த இலைகள் அதில் விழுந்தன என்றும், அதுவே முதல் தேநீர் என்றும் சீனர் கூறுவர். இது புராணக் கதை, வரலாறு அன்று. வரலாற்றுச் சான்றுள்ள செய்தி, கி.பி. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார் என்பதாகும். இலையைப் பறிக்கும் முறை, பதப்படுத்தும் முறை, எந்த நீரில் காய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் அதில் விரிவாக உள்ளன.

ஆயுளோடு தேநீரை நேரடியாக இணைத்துப் புகழ்பெற்ற நூல் ஜப்பானில் எழுந்தது. எய்சாய் (1141-1215) என்ற பௌத்தத் துறவி சீனாவுக்குச் சென்று திரும்பியவர். 1211-இல் 'கிஸ்ஸா யோஜோகி' என்ற நூலை அவர் எழுதினார். 'தேநீர் அருந்தி உடலைப் பேணும் முறை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். உடலின் ஐந்து உறுப்புகளுக்கு ஐந்து சுவைகள் உண்டு. இதயத்திற்கு உரியது கசப்பு. ஜப்பானியர் கசப்பு உண்பதில்லை, எனவே அவர்களது இதயம் நலிகிறது. சீனர் தேநீர் அருந்துவதால் அவர்களுக்கு அந்தக் குறையில்லை. இதுவே அவருடைய வாதம். 1214-இல், மது மயக்கத்தால் தலைவலியுற்றிருந்த ஆட்சித் தலைவர் மினமோட்டோ சானெட்டோமோவுக்குத் தேநீரையும் இந்நூலையும் அவர் அளித்ததாக வரலாறு கூறுகிறது.

எய்சாயின் காரண விளக்கம் இன்று செல்லாது. ஆனால் அவர் பார்த்ததைக் கவனியுங்கள்: ஒரு நாட்டு மக்கள் ஒன்றை அருந்துகிறார்கள், வேறொரு நாட்டு மக்கள் அருந்துவதில்லை, இரு சாராரின் உடல்நலத்தில் வேறுபாடு உண்டு என்று அவர் கருதினார். ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முயற்சி இன்றும் கைவிடப்படவில்லை, முறைதான் செம்மையுற்றிருக்கிறது.

ஐரோப்பாவில் எழுந்த வழக்கு

பதினேழாம் நூற்றாண்டில் தேயிலை ஐரோப்பாவை அடைந்தது. இலண்டனில் காப்பிக் கடை வைத்திருந்த தாமஸ் கார்வே என்ற வணிகர் 1660-ஆம் ஆண்டையொட்டி ஒரு விளம்பரத் தாளை வெளியிட்டார். தலைவலி, நீர்க்கோவை, சிறுநீரகக் கல் முதலிய பல நோய்களைத் தேநீர் தீர்க்கும் என்றும், முதிர்ந்த வயது வரை உடலை நலமாக வைக்கும் என்றும் அதில் பட்டியலிட்டார். சந்தைகளில் ஒரே புட்டியால் நாற்பது நோய்களைத் தீர்க்கும் மருந்து விற்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா? கார்வே அவர்களுடைய முன்னோர்.

வணிகர் மட்டுமல்லர், மருத்துவரும் இதில் பின்தங்கவில்லை. ஹாலந்து நாட்டு மருத்துவர் கொர்னேலிஸ் போன்டெக்கோ நாளொன்றுக்கு எட்டு, பத்துக் கோப்பையில் தொடங்கி, நூறு இருநூறு கோப்பை வரையிலும் அருந்தலாம் என்று எழுதினார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்தது என்ற பேச்சு அக்காலத்திலேயே உண்டு. அவர் 1685-இல், நாற்பது வயது நிறையும் முன்பே காலமானார். இதைக் கொண்டு தேநீர் ஆயுளைக் குறைக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மனிதரின் வாழ்வு எதற்கும் சான்றாகாது.

எதிர்த்தரப்பும் வலுவாகவே இருந்தது. டென்மார்க்கில் பணியாற்றிய மருத்துவர் சைமன் பவுல்லி 1665-இல், ஆசியாவில் எத்தகைய குணம் இருப்பினும் ஐரோப்பியருக்குத் தேநீர் கேடு விளைவிக்கும், ஆயுளைக் குறைக்கும் என்று எழுதினார். மெதடிஸ்டு சமயத் தலைவர் ஜான் வெஸ்லி தம் கை நடுக்கத்திற்குத் தேநீரே காரணம் என்று கருதி 1746-இல் அதை விட்டார். இரண்டாண்டு கழித்து அதைப் பற்றிச் சிறு நூலும் வெளியிட்டார். 1756-இல் ஜோனஸ் ஹான்வே என்பவர், தேநீர் நாட்டு மக்களின் உடலையும் பொருளையும் அழிக்கிறது என்று கடுமையாகத் தாக்கினார். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் அதற்கு மறுப்பு எழுதினார். தாம் வெட்கமில்லாத தேநீர்ப் பிரியர் என்று ஒப்புக்கொண்டே வாதாடினார்.

இரு தரப்பிலும் அறிஞர்கள் இருந்தனர். இரு தரப்பிலும் இல்லாதது ஒன்று: அளவீடு.

மன்னரின் சோதனை

சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் (1746-1792) ஒரு சோதனை நடத்தினார் என்ற கதை மிகவும் புகழ்பெற்றது. மரண தண்டனை பெற்ற இரட்டையர் இருவர். அவர்களது தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. ஒருவன் நாள்தோறும் மூன்று குடுவை காப்பி குடிக்க வேண்டும். மற்றவன் அதே அளவு தேநீர் குடிக்க வேண்டும். யார் முதலில் சாகிறார் என்று பார்க்க இரண்டு மருத்துவர்கள் நியமிக்கப்பட்டனர். முதலில் இறந்தவர்கள் அந்த மருத்துவர்கள்! அடுத்து, மன்னர் 1792-இல் கொலையுண்டார். தேநீர் குடித்தவன் 83 வயதில் இறந்தான். காப்பி குடித்தவன் அதற்குப் பிறகும் வாழ்ந்தான்.

இக்கதை உண்மையில் நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? இரட்டையரைத் தேர்ந்தது நல்ல யோசனை. பிறவி வேறுபாடு குறையும். ஒரே சிறை, ஒரே உணவு, அதுவும் நன்று. ஆனால் இருவரை மட்டும் வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? ஒரு நாணயத்தை இருமுறை சுண்டிவிட்டு அதன் இயல்பைக் கூற முடியுமா? மேலும், இருவரில் எவனும் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தவன் அல்லன். ஆகவே காப்பியையும் தேநீரையும் ஒப்பிடலாமே தவிர, தேநீரால் ஆயுள் கூடிற்றா, குறைந்ததா என்று சொல்ல வழியில்லை. ஆய்வகத்தில் நீங்கள் ஓர் அளவீட்டைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்பதும், ஒப்பீட்டுக்கு ஒரு நிலையை வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

இலைக்குள் என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவாதம் வேதியியலாரின் கைக்கு மாறியது. 1819-இல் ஜெர்மானியரான ரூங்கே காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தார். 1827-இல் தேயிலையிலிருந்து ஒரு பொருள் பிரிக்கப்பட்டு அதற்கு 'தேயீன்' என்று பெயரிடப்பட்டது. இரண்டும் ஒன்றே என்று 1838-இல் நிறுவப்பட்டது. களைப்பைப் போக்கி விழிப்பைத் தருவது இந்தக் காஃபீன்தான். வெஸ்லியின் கை நடுக்கத்திலும் அதற்குப் பங்கிருக்கலாம்.

அடுத்த முக்கியமான பணியை ஒரு பெண்மணி செய்தார். ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ சுஜிமுரா (1888-1969) 1924-இல் தம்முடன் பணியாற்றிய மியுராவோடு சேர்ந்து பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைக் கண்டார். 1929-இல் தேயிலையிலிருந்து கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1932-இல் ஜப்பானில் வேளாண்மையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற சிறப்பையும் அவர் அடைந்தார்.

கேட்டச்சின்கள் பாலிஃபீனால்கள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. பச்சைத் தேயிலையில் அவை பெரும்பாலும் மாறாமல் இருக்கின்றன. நாம் அருந்தும் கறுப்புத் தேயிலை தயாரிக்கும்போது இலையை நசுக்கிக் காற்றுப்படச் செய்கிறார்கள். அப்போது இலையிலுள்ள நொதி, கேட்டச்சின்களை ஆக்சிஜனோடு சேர்த்து வேறு பொருள்களாக மாற்றுகிறது. தேநீரின் செம்பழுப்பு நிறமும் துவர்ப்பும் அவற்றால் வருபவை. சோதனைக் குழாயில் இப்பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. உடனே விளம்பரக்காரர், "செல்கள் துருப்பிடிக்காமல் காக்கும் தேநீர்" என்று எழுதிவிடுகிறார். ஆனால் சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. குடித்த பாலிஃபீனாலில் ஒரு சிறு பகுதியே மாறாமல் இரத்தத்தை அடைகிறது.

கொதித்த நீர் செய்த உபகாரம்

இங்கே நம் நாட்டுப் பெரியவர் ஒருவரை நினைக்க வேண்டும். காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்தபோது உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நம் நாட்டில் தேநீர் போடும் முறையை அவர் ஏற்கவில்லை. அதிலுள்ள டானின் கெடுதி என்றார். ஆனால் சீனாவில் தேநீருக்கு ஒரு பயன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். குடிநீர் தூயதாக இல்லாத இடத்தில் அதைக் கொதிக்க வைக்க வேண்டும்; நீர் கொதித்திருந்தால்தான் இலையின் நிறம் இறங்கும்; ஆகவே அந்த நிறமே நீர் கொதித்ததற்கு அடையாளம் என்பது அவர் கூறிய கருத்து.

இதைப் பின்னாளில் எண்களைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள். 1784-இல் இங்கிலாந்து அரசு தேயிலை மீதிருந்த 119 விழுக்காட்டு வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தது. தேநீர் ஏழைகளின் வீட்டுக்கும் வந்தது. 2023-இல் வெளியான ஆய்வொன்றில் பொருளியல் அறிஞர் பிரான்சிஸ்கா ஆன்ட்மன், இங்கிலாந்தின் 400-க்கும் மேற்பட்ட ஊர்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்தார். நீரின் தரம் மோசமாக இருந்த ஊர்களில், தேநீர் பரவிய பின் இறப்பு விகிதம் மற்ற ஊர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது.

காலராக் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டது 1884-இல்தான். அதற்குச் சரியாக நூறாண்டு முன்பே, கிருமி என்ற சொல்லையே அறியாத மக்கள், சுவைக்காக நீரைக் காய்ச்சிக் குடித்து உயிர் பிழைத்திருக்கிறார்கள். அங்கே ஆயுளைக் கூட்டியது இலையைவிட அடுப்பு என்று சொல்வது பொருந்தும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இனி இக்கால ஆய்வுகளுக்கு வருவோம். ஹாலந்தின் சுட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவு வெளியிட்டார்கள். பாலிஃபீனால் வகையான ஃபிளேவனாய்டுகளை அதிகம் உட்கொண்டோரிடம் இதய நோய் மரணம் குறைவு. அவற்றில் பெரும்பகுதி தேநீரிலிருந்து வந்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1997-இல் வேல்ஸ் நாட்டின் கேர்ஃபிலி நகர ஆண்களிடம் அதே ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது அந்த நன்மை தென்படவில்லை.

2006-இல் ஜப்பானின் ஓசாக்கி வட்டாரத்து ஆய்வு வெளியாயிற்று. 40,530 பேர், 11 ஆண்டுகள். நாளைக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியோரை, ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியோரோடு ஒப்பிட்டால், இறப்பு வீதம் ஆண்களில் 12, பெண்களில் 23 விழுக்காடு குறைவு. ஆனால் புற்றுநோய் மரணத்தில் வேறுபாடு இல்லை. 2022-இல் பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல் கறுப்புத் தேநீர் அருந்துவோர். நாளைக்கு இரண்டு கோப்பையோ மேலோ அருந்தியோரிடம் இறப்பு வீதம் 9 முதல் 13 விழுக்காடு குறைவு. பால் சேர்ப்பதால் முடிவு மாறவில்லை.

அப்படியென்றால் தேநீர் அருந்தாதோரில் நூறு பேர் இறக்கும் காலத்தில், அதே எண்ணிக்கையுள்ள தேநீர் அருந்துவோரில் 87 முதல் 91 பேர் இறப்பர். இது சிறிய வேறுபாடு. ஆனால் இல்லாத வேறுபாடு அன்று.

இதைத் தேநீரின் செயல் என்று சொல்லிவிடலாமா? குடைகள் அதிகம் தென்படும் நாளில் மழை பெய்கிறது. குடைகளா மழையை வரவழைத்தன? நாளும் நிதானமாக உட்கார்ந்து தேநீர் அருந்துவோரின் உணவு, தொழில், வருமானம் ஆகியவையும் வேறாக இருக்கலாம். நோயுற்றவர் தேநீரை நிறுத்தியிருக்கலாம். புகைபிடித்தல், வயது, எடை போன்றவற்றைக் கணக்கில் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் திருத்தம் செய்கிறார்கள். ஆயினும் ஐயம் முழுவதும் நீங்குவதில்லை. குஸ்தாவ் மன்னரைப் போல் பல்லாயிரம் பேரை ஆயுள் முழுதும் இதைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட யாராலும் முடியாது, முடியவும் கூடாது. எனவே நேர்மையான விடை இது: மிதமாகத் தேநீர் அருந்துவது பெரும்பாலோருக்குத் தீங்கில்லை, இதயத்திற்குச் சிறிது நன்மையும் இருக்கலாம்.

சூடும், சர்க்கரையும், இரும்பும்

நன்மை சிறிது என்றால், நாம் செய்யும் பிழைகள் அதை எளிதில் விழுங்கிவிடும். அவற்றில் மூன்றைக் கூறுகிறேன்.

முதலாவது சூடு. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-இல் அறிவித்தது. பாதிக்கப்படுவது உணவுக்குழாய். குற்றம் தேயிலையினுடையதன்று, வெப்பத்தினுடையது. இங்கே நம் தேநீர்க் கடை மாஸ்டரைப் பாராட்ட வேண்டும். கையை உயர்த்தி ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு அவர் தேநீரை ஆற்றும்போது, திரவத்தின் மேற்பரப்பு பெருகி ஆவியாதல் விரைகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பம் வேண்டும். 100 கிராம் தேநீரில் ஒரே ஒரு கிராம் ஆவியானால் மீதியின் வெப்பநிலை சுமார் ஐந்தரை பாகை குறையும். கணக்கிட்டுப் பாருங்கள். "ஆத்த வேணாம், சூடா குடுங்க" என்று கேட்பவர் அவருடைய இயற்பியலை வீணாக்குகிறார்.

இரண்டாவது சர்க்கரை. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு நான்கு குவளை என்றால் ஏறத்தாழ 40 கிராம். ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்துவது நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றிலுள்ள இரும்பைத் தேநீரின் பாலிஃபீனால்கள் குடலில் பற்றிக்கொள்கின்றன; உடல் அதை உறிஞ்ச முடிவதில்லை. 1975-லேயே இது அளந்து காட்டப்பட்டது. இதயத்திற்கு நல்லது என்று புகழப்படும் அதே பொருள்தான் இரும்பைத் திருடுகிறது! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை உண்டு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர், காப்பி அருந்த வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியிருக்கிறது. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரைக் கணக்கிட்டுப் பெற்ற சராசரி, காலையில் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் தேநீருமாக வேலைக்கு ஓடும் நம் தாய்மார்களுக்கு அப்படியே பொருந்தாது.

இலை பறித்தவர்களின் ஆயுள்

முடிக்கும் முன் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலையெங்கும் தேயிலை பரவியது. அதை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அங்கே தொழிலாளர் நோயாலும் கொடுமையாலும் மாண்டதைக் கண்டும் கேட்டும் 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழில் வந்துள்ளது. தேநீர் அருந்தியோரின் ஆயுளை உலகம் கவனமாக அளந்தது. இலை பறித்தோரின் ஆயுளை அவ்வளவு கவனமாக அளக்கவில்லை. தேநீரும் ஆயுளும் என்று பேசும்போது இதையும் நினைவில் கொள்வது நம் கடமை.

அந்த மாணவருக்கு நான் என்ன சொன்னேன்? "செய்தித்தாளும் பொய் சொல்லவில்லை, தம்பி, மருத்துவரும் தவறாகச் சொல்லவில்லை. அந்த ஆய்வு கூட்டத்தைப் பற்றியது, மருத்துவர் பார்த்தது உங்கள் அம்மாவை" என்றேன். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி, ஆற்றி, சர்க்கரை குறைத்துக் குடித்தால் போதுமா என்று மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். மருத்துவர் தந்த மாத்திரையோடு இந்த மாற்றத்தையும் கடைப்பிடித்ததில் அம்மாவின் இரத்த அளவு உயர்ந்திருந்ததாம். உயர்ந்தது மாத்திரையாலா, தேநீரைத் தள்ளி வைத்ததாலா என்று நான் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஒருத்தரை மட்டும் வெச்சு எப்படி சார் சொல்றது?" என்றார்.

பாடம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.